நரம்பு நச்சு ஆயுதங்கள்: 1997 ஒப்பந்தம் எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை?

இளங்கோ_சேலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். போன வாரம் பூச்சிக்கொல்லிகளைப் பற்றிப் பேசும்போது, இதே குடும்பத்துச் சேர்மங்கள்தான் போரில் நரம்பு நச்சாகப் பயன்பட்டன, 1997 முதல் வேதி ஆயுதத் தடை ஒப்பந்தம் என்ற உலக ஒப்பந்தம் அவற்றைத் தடை செய்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன். ஒரு மாணவி விடவில்லை. "தடை பண்ணிட்டாங்கன்னு சொல்றீங்க. அப்புறம் 2013-ல சிரியாவுல அத்தனை பிள்ளைங்க எப்படி சார் செத்தாங்க?" என்று கேட்டாள். என்னிடம் நேரான பதில் இல்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

எனக்குத் தெரிந்ததை முதலில் வைத்துவிடுகிறேன். 1936 டிசம்பரில் ஜெர்மனியின் லெவர்குசனில், ஐ.ஜி. பார்பன் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பயிர்ப் பூச்சிகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது டாபுன். கொஞ்ச நாளில் அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கிப் பார்வை மங்கியது, மூச்சு முட்டியது. வயலுக்குக் கொண்டுபோக முடியாத மருந்து என்று தெரிந்ததும் அது ராணுவத்தின் கைக்குப் போனது. 1938-ல் சாரின், 1944-ல் சோமன். இன்று போலந்தில் இருக்கும் டயர்ன்ஃபுர்த் ஆலையில் போர்க்காலத்தில் சுமார் 12,000 டன் டாபுன் செய்து குவித்தார்கள். போர்முனையில் அதைப் பயன்படுத்தவில்லை.

1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இதே கதை திரும்ப நடந்தது. ரணஜித் கோஷ் என்ற வேதியியலாளர் புதுப் பூச்சிக்கொல்லிகளைத் தேடினார். அதில் ஒன்று அமிட்டான் என்று சந்தைக்கே வந்தது. நச்சு அதிகம் என்று திரும்பப் பெற்றார்கள். அந்த வரிசையில் பிறந்ததுதான் வி.எக்ஸ்.

இரண்டு முறையும் பயிரைக் காப்பாற்றப் போன இடத்தில்தான் இது கிடைத்திருக்கிறது. அப்படியானால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இதைக் கட்டுப்படுத்த முடியுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மருத்துவர்_கயல்

நல்ல கேள்வி. ஒப்பந்தத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். இது உடம்பில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்கிறேன். காவிரிப் படுகையில் ஓர் அரசு மருத்துவமனையில் 11 வருடம் வேலை பார்த்தேன். சாரினை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் சிறிய உறவினரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். பூச்சி மருந்து கேஸ் வந்தால் வராந்தாவிலேயே வாடை சொல்லிவிடும்.

முதலில் ஒரு திருத்தம். செய்தித்தாள்கள் எல்லாம் "நரம்பு வாயு" என்று எழுதுகின்றன. இவை வாயு இல்லை, திரவம். சாரின் தண்ணீரைப் போல ஆவியாகும், அதனால் மூச்சு வழியாகப் போகும். வி.எக்ஸ். எஞ்சின் எண்ணெய் போல, எளிதில் ஆவியாகாது, தோல் வழியாகப் போகும், விழுந்த இடத்தில் நாள்கணக்கில் கிடக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். "வாயு" என்று நினைப்பவர்கள் காற்று போனதும் ஆபத்து போய்விட்டது என்று நம்பிவிடுவார்கள்.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: வயலுக்குத் தண்ணீர் போதும் என்றதும் மடையை அடைக்கிற ஆள் அந்த நொதி. நரம்பு நச்சு அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. தண்ணீர் நிற்காமல் பாய்கிறது. கண்ணீர், எச்சில், வியர்வை, நுரையீரலுக்குள் சளி எல்லாம் பெருகும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். தசை துடிதுடிக்கும், வலிப்பு வரும், கடைசியில் மூச்சுத் தசை ஓய்ந்துபோகும். தன் உடம்பின் நீரிலேயே மூழ்கி மூச்சடைத்துச் சாகிறார்கள். பூச்சி மருந்தில் இது மணிக்கணக்கில் நடப்பது. சாரின் ஆவியை நிறைய உள்ளிழுத்தால் நிமிடக்கணக்கு.

மருந்து? எங்கள் வார்டில் இருந்த அதே அட்ரோபின்தான். நெஞ்சில் களகளப்பு நிற்கும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கூடவே பாம் என்கிற பிராலிடாக்ஸிம், கட்டிப்போட்ட கையை அவிழ்க்கப் பார்க்கும். ஆனால் நேரம் ஆக ஆக முடிச்சு இறுகிவிடும், அதற்கப்புறம் அவிழாது. சாரினுக்குச் சுமார் 5 மணி நேரம் கிடைக்கும். சோமனுக்குச் சில நிமிடங்கள்தான். ராணுவ வீரர்கள் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசியைக் கையோடு வைத்திருப்பது அதனால்தான். ஊர் மக்களிடம் அப்படி எதுவும் இருக்காது. இந்த ஆயுதம் யாரைக் கொல்லும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: முகமூடியும் ஊசியும் உள்ள படைவீரனை அல்ல, வீட்டில் தூங்கும் பிள்ளையை.

கரிகாலன்77

இளங்கோ சார், உங்கள் மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: ஒப்பந்தங்கள் பலம் இல்லாதவனை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

போரில் நச்சு வாயுக்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற ஜெனீவா நெறிமுறை 1925-லேயே வந்துவிட்டது. ஈராக் அதில் கையெழுத்திட்ட நாடு. 1984-ல் ஈரான் படைகள் மேல் டாபுன் போட்டது. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து நகரத்தின் மேல் கடுகு வாயுவும் (தோலையும் நுரையீரலையும் பொசுக்கும் வேறு வகை நச்சு) நரம்பு நச்சும் கலந்து கொட்டியது. 3,200 முதல் 5,000 பேர் வரை செத்தார்கள் என்று சொல்கிறார்கள். அத்தனையும் பொதுமக்கள். அந்த மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு தீர்மானம் போட்டது. அதில் குற்றம் செய்தவன் பெயரைச் சொல்லவில்லை, "இரு தரப்பும்" தவிர்க்க வேண்டும் என்றது. அப்பாவும் கைக்குழந்தையும் வாசலில் விழுந்து கிடக்கும் ஊருக்கு "இரு தரப்பும்" என்றால் என்ன பொருள்? இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தத் தாள்களின் மேல் நம்பிக்கை இல்லை.

பழைய_ஆலைக்காரன்

கரிகாலன் தம்பி, ஹலப்ஜாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் 1925-ஐயும் 1997-ஐயும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

1925 நெறிமுறை "பயன்படுத்தாதே" என்று மட்டும் சொன்னது. செய்யலாம், சேர்த்து வைக்கலாம், விற்கலாம். யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். 1993-ல் பாரிஸில் கையெழுத்துக்கு வைத்து 1997 ஏப்ரல் 29-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் வேறு. செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, இருப்பதைச் சொல்லி அழிக்க வேண்டும், அழிப்பதை வெளியாள் வந்து எண்ணிப் பார்ப்பான். ஹேக் நகரத்தில் இருக்கும் வேதி ஆயுதத் தடை அமைப்பு, ஓபிசிடபிள்யூ, இதற்காகவே உண்டானது. இன்று 193 நாடுகள் உறுப்பினர். எகிப்தும் வட கொரியாவும் தெற்கு சூடானும் கையெழுத்தே போடவில்லை. இஸ்ரேல் கையெழுத்துப் போட்டது, உறுதிப்படுத்தவில்லை.

"எண்ணிப் பார்ப்பான்" என்பதைச் சும்மா சொல்லவில்லை. நான் ஒரு ரசாயன ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். கண்காணிக்க வேண்டிய பொருள்களை ஒப்பந்தம் மூன்று அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. எங்கள் ஆலையில் அப்படி அட்டவணையில் இருக்கும் ஒரு பொருள் ஓடியது. சாதாரணத் தொழிற்பொருள், ஆனால் தவறான கைக்குப் போனால் வேறு பாதையிலும் போகும். ஒவ்வொரு வருடமும் எத்தனை டன் செய்தோம், எத்தனை வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று டெல்லியில் உள்ள தேசிய அமைப்புக்கு எழுதிக்கொடுப்போம். அங்கிருந்து ஹேக்குக்குப் போகும். ஒரு முறை ஆய்வாளர்களே வந்தார்கள். மூன்றாம் அட்டவணை ஆலை என்றால் 120 மணி நேரம், இரண்டாம் அட்டவணை என்றால் 48 மணி நேரம், அவ்வளவுதான் முன்னறிவிப்பு. வெவ்வேறு நாட்டுக்காரர்கள், கூடவே நம் அரசு அதிகாரிகள்.

வந்தவர்கள் முதலில் பெரிய உலைகளைப் பார்க்கவில்லை. கேட் பாஸ் புத்தகத்தையும் ஸ்டோர் லெட்ஜரையும் கேட்டார்கள். உள்ளே வந்த சரக்கு, வெளியே போன சரக்கு, தொட்டியில் மிச்சம், கழிவில் போனது என்று ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் கொஞ்சம் கணக்கு இடித்தது. கழிவுநீர்ப் பதிவேடு வேறொரு அலமாரியில் இருந்தது, அதை எடுத்துக்கொடுத்து நேர்செய்ய அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் எனக்கு வியர்த்தது. அன்றுதான் எனக்கு இந்த ஒப்பந்தத்தின் மேல் மரியாதை வந்தது. சரக்குக் கணக்கில் டன்கணக்காக ஓட்டை விழாமல் யாரும் படைக்கலம் செய்ய முடியாது. அந்த ஓட்டையைத் தேடத்தான் அவர்கள் வருகிறார்கள்.

பலன் என்ன என்று கேட்டால், உறுப்பு நாடுகள் அறிவித்த 72,304 டன் முழுவதும் அழிந்தது. ரஷ்யா சுமார் 40,000 டன், 2017 செப்டம்பரில் முடித்தது. இந்தியாவும் 1997-ல் 1,044 டன் கடுகு வாயுப் பொருளை அறிவித்து 2009-ல் அழித்து முடித்தது. மொத்தத்தையும் ஒழித்த முதல் நாடு 2007-ல் அல்பேனியா. ஒரு வகைப் பேரழிவு ஆயுதத்தின் அறிவிக்கப்பட்ட கையிருப்பு முழுவதையும் சாட்சி வைத்து அழித்தது உலகத்தில் இந்த ஒரு முறைதான். அணு ஆயுதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

கரிகாலன்77

ஐயா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். கணக்கு பார்ப்பதன் பலம் எனக்குப் புரிகிறது. ஆனால் "அறிவிக்கப்பட்ட" என்ற சொல்லில்தான் என் சந்தேகம் முழுக்க இருக்கிறது. அறிவிக்காததை யார் எண்ணுவது?

நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எதிலிருந்து எது செய்யலாம், எந்தச் சேர்மானம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விகள் இந்த இழையில் வேண்டாம். வரலாறு, மருத்துவம், சட்டம் பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.

தோக்கியோ_மதி

நான் ஜப்பானில் 14 வருடமாக இருக்கிறேன். தினமும் தோக்கியோவின் கசுமிகசேகி சுரங்க ரயில் நிலையம் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு மார்ச் 20 அன்றும் காலை 8 மணிக்கு அங்கே நிலைய ஊழியர்கள் வரிசையாக நின்று மௌனம் காப்பார்கள். 1995-ல் அந்த நேரத்தில்தான் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்கும்பல் மூன்று வழித்தடங்களில் ஐந்து ரயில்களில் சாரின் வைத்தது. செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகள். கூர்தீட்டிய குடைநுனியால் குத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். ஐந்து ரயிலும் கசுமிகசேகியைத் தொட்டுப் போகிறவை. அரசு அலுவலகங்கள் நிறைந்த இடம். 13 பேர் செத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்மணி 25 வருடம் கழித்து 2020-ல் இறந்தார், அவரையும் சேர்த்து 14. பாதிக்கப்பட்டவர்கள் 5,500-க்கு மேல்.

கசுமிகசேகி நிலையத்தில் இறந்த இருவர் அங்கே வேலை பார்த்தவர்கள். ரயிலில் ஏதோ சிந்திக் கிடக்கிறது, பயணிகள் வழுக்கி விழக் கூடாது என்று அந்தப் பொட்டலத்தை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். கயல் டாக்டர் சொன்ன "வாயு என்று நினைப்பது" இதுதான். அவர்கள் கண்ணுக்கு அது ஈரமான செய்தித்தாள்.

ஒன்பது மாதம் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 1994 ஜூன் 27 இரவு மட்சுமோட்டோ நகரத்தில் இதே கும்பல் நீதிபதிகள் குடியிருப்பை நோக்கிச் சாரினைப் பரப்பியது. ஏழு பேர் செத்தார்கள். போலீஸ் யாரைச் சந்தேகப்பட்டது தெரியுமா? முதலில் தொலைபேசியில் தகவல் கொடுத்த மனிதரை. வீட்டில் தோட்டத்துக்குப் பூச்சி மருந்தும் சில ரசாயனங்களும் வைத்திருந்தார் என்பதற்காக. அவருடைய மனைவியே நினைவிழந்து கிடந்தார். பத்திரிகைகளும் அவரைக் குற்றவாளியாக்கின. மனைவி 2008-ல் இறந்து எட்டாவது பலியானார். அந்த ஒன்பது மாதத்தில் உண்மையான கும்பலைப் பிடித்திருந்தால் தோக்கியோ நடந்திருக்காது என்று இங்கே பலர் இன்னமும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மருத்துவர்_கயல்

மதி, அந்த நாளில் மருத்துவமனைகளில் நடந்ததை எங்கள் பயிற்சியில் பாடமாகவே படித்தோம். செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் நடந்தும் டாக்ஸியிலும். அதாவது உடைமாற்றாமல், கழுவாமல். துணியில் இருந்த சாரின் அறைக்குள் ஆவியானது. மருத்துவமனையின் ஜெபக்கூடத்தில் பேரிடர்க் காலத்துக்கு என்று ஆக்சிஜன் குழாய் போட்டு வைத்திருந்தார்கள், அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அங்கே காற்றோட்டம் குறைவு. ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அறிகுறி வந்தது.

மட்சுமோட்டோவில் சிகிச்சை கொடுத்த பேராசிரியர் ஒருவர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தாமாகவே தோக்கியோவுக்குத் தொலைபேசியில் சொன்னார், இது சாரின் மாதிரி இருக்கிறது என்று. அரசு வழியாகத் தகவல் வரும்முன் ஒரு டாக்டரின் நினைவு வந்து சேர்ந்தது.

இங்கே நம் தாலுகா மருத்துவமனை வாசலில் பூச்சி மருந்து நோயாளியை இறக்கியதும் நான் முதலில் சொல்வது "துணியைக் கழற்று, தண்ணீர் ஊற்று" என்பதுதான். கையுறை போடு என்பது அதற்கும் முன்பு. அன்று அங்கே தேவைப்பட்டதும் அதேதான்.

கிள்ளான்_முருகு

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூரின் கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். வட கொரிய அதிபரின் அண்ணன் முறை. மக்காவ் போக நின்றிருந்தவர் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிவிட்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். பரிசோதனையில் வி.எக்ஸ். என்று வந்தது.

நான் அந்த வாரம் அதே முனையத்திலிருந்துதான் திருச்சிக்குப் போனேன், அம்மாவையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு. மகன் அங்கே இருந்த எந்திரங்களை எல்லாம் தொட்டுக்கொண்டே வந்தான். அது வி.எக்ஸ். என்ற செய்தி பிப்ரவரி 24 அன்றுதான் வந்தது. நிலையத்தைச் சோதித்துப் பாதுகாப்பானது என்று அறிவித்தது 26 அன்று. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடவுளுக்கு நன்றி. ஆனால் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் சேராத ஒரு நாடு, ஒப்பந்தத்தில் இருக்கும் எங்கள் நாட்டில் வந்து இதைச் செய்தால் என்ன வழி? அந்த இரண்டு பெண்களும், கேலி நிகழ்ச்சி என்று சொல்லித்தான் எங்களை அழைத்தார்கள் என்றார்கள். 2019-ல் இருவரும் விடுதலை. அனுப்பியவர்கள் அன்றே விமானம் ஏறிப் போய்விட்டார்கள்.

புதியவள்_ரம்யா

நான் இந்தத் தளத்துக்குப் புதிது. போபாலில் நடந்ததும் நரம்பு நச்சுதானே? யாராவது சொல்லுங்கள்.

மருத்துவர்_கயல்

இல்லை ரம்யா. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட். அது கண்ணையும் நுரையீரலையும் அரித்துச் சுடும் பொருள், நரம்பு நொதியைக் கட்டும் வகை இல்லை. இரண்டும் பூச்சிக்கொல்லித் தொழிலோடு தொடர்புள்ளவை என்பதால் குழப்பம் வருகிறது. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடும், அதனால் கேட்டது நல்லது.

பழைய_ஆலைக்காரன்

முருகு தம்பி கேட்டதற்கும், கரிகாலன் கேட்ட "அறிவிக்காததை யார் எண்ணுவது" என்பதற்கும் சேர்த்துச் சொல்லப் பார்க்கிறேன்.

பலர் நினைப்பது, ஒப்பந்தம் என்றால் ஒரு பட்டியல், பட்டியலில் பெயர் இருந்தால் தடை, இல்லாவிட்டால் தப்பு இல்லை என்று. அப்படி இல்லை. ஒப்பந்தம் நோக்கத்தைப் பார்க்கிறது. ஆளைக் கொல்லவோ முடக்கவோ ஒரு நச்சுப்பொருளை வைத்திருந்தால், அது பட்டியலில் இருக்கிறதோ இல்லையோ, வேதி ஆயுதம்தான். பட்டியல்கள் ஆய்வாளர் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு.

2018 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபால் வீட்டுக் கதவுப்பிடியில் நோவிச்சோக் என்ற நரம்பு நச்சைத் தடவியிருந்தார்கள். அப்போது நோவிச்சோக் எந்த அட்டவணையிலும் இல்லை. ஆனாலும் அது ஒப்பந்த மீறல் என்பதில் சட்டச் சிக்கல் இல்லை. உளவாளியும் மகளும் பிழைத்தார்கள். நான்கு மாதம் கழித்து பக்கத்து ஊரில் ஒருவர் கண்டெடுத்த வாசனைத் திரவியப் புட்டியைத் தன் துணைக்குக் கொடுத்தார். அந்த 44 வயதுப் பெண் மணிக்கட்டில் பூசிக்கொண்டு ஜூலை 8 அன்று இறந்தார். எந்த அரசியலோடும் சம்பந்தம் இல்லாதவர். 2019 நவம்பரில் உறுப்பு நாடுகள் கூடி அந்த வகைச் சேர்மங்களை முதல் அட்டவணையில் சேர்த்தன, 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் வந்தபிறகு அட்டவணையைத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

இப்போது ஓட்டையைச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் எந்த நாட்டிலும் எந்த இடத்தையும் பார்க்கச் சொல்லும் "சவால் ஆய்வு" என்ற உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. மறுக்க உரிமை இல்லை. அத்தனை பலமான கருவி. இன்றுவரை ஒரு நாடுகூட ஒரு தடவையும் அதைக் கேட்டதில்லை. இன்று நான் அடுத்தவன் வீட்டைத் திறக்கச் சொன்னால் நாளை என் வீட்டைத் திறக்கச் சொல்வான் என்ற தயக்கம். இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் ஸ்டோர் லெட்ஜரை அரை நாள் புரட்டிப் பார்த்தார்கள். ராணுவக் கிடங்கின் கதவைத் தட்ட யாரும் முன்வரவில்லை.

கரிகாலன்77

ஐயா, சிரியாவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மாணவியின் கேள்வியே அதுதானே. நான் எழுதுகிறேன்.

2013 ஆகஸ்ட் 21 அதிகாலை, டமாஸ்கஸ் பக்கத்தில் கூட்டா. ராக்கெட்டில் சாரின். ஐ.நா. குழு போய் உறுதிப்படுத்தியது. அமெரிக்க அரசு 1,429 பேர் இறந்ததாகச் சொன்னது, மற்றவர்களின் கணக்கு இதைவிடக் குறைவு. நிறையக் குழந்தைகள். சாரின் காற்றைவிடக் கனம், தரையோரம் தங்கும். குண்டுவீச்சுக்குப் பயந்து நிலவறையில் படுத்திருந்தவர்களைத்தான் அது தேடிப் போனது.

அன்று சிரியா ஒப்பந்தத்தில் உறுப்பினரே இல்லை. மாணவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் சார். அதற்கு அப்புறம்தான் அக்டோபரில் சேர்ந்தது. சுமார் 1,300 டன் அறிவித்தது. எல்லாம் வெளியே போனது என்றார்கள். அந்த வருடம் ஓபிசிடபிள்யூவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. 2017 ஏப்ரல் 4 அன்று கான் ஷேகூனில் திரும்பவும் சாரின், 80 பேருக்கு மேல் செத்தார்கள். அப்படியானால் அறிவித்த கணக்கு பொய். ஐ.நா.வும் ஓபிசிடபிள்யூவும் சேர்ந்து அமைத்த குழு சிரிய அரசுதான் காரணம் என்றது. அடுத்த மாதமே ரஷ்யா வீட்டோ போட்டு அந்தக் குழுவையே முடித்துவிட்டது. இதுதான் நான் சொல்வது. கண்டுபிடித்தவனைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தோக்கியோ_மதி

கரிகாலன், அதோடு நிற்கவில்லை. 2018 ஜூனில் உறுப்பு நாடுகள் ஹேக்கில் வாக்கெடுத்து, யார் செய்தது என்று பெயர் சொல்லும் அதிகாரத்தை ஓபிசிடபிள்யூவுக்கே கொடுத்தன. அங்கே வீட்டோ கிடையாது. 2020-ல் வந்த முதல் அறிக்கை 2017 மார்ச்சில் சிரியாவின் லதாமினா ஊரில் நடந்த சாரின் தாக்குதலுக்குச் சிரிய விமானப்படையைப் பொறுப்பாக்கியது. 2021 ஏப்ரலில் சிரியாவின் வாக்குரிமையை நிறுத்தினார்கள். சின்னத் தண்டனைதான். ஆனால் 1988-ல் பெயரைக்கூடச் சொல்லாத உலகம் இந்த முறை நாட்டின் பெயரையும் படைப்பிரிவையும் எழுதிவைத்தது. 2024 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்தது, 2025 பிப்ரவரியில் ஓபிசிடபிள்யூ தலைவர் டமாஸ்கஸுக்கே போனார். அறிவிக்காத இடங்கள் நூற்றுக்கு மேல் இருக்கலாம் என்று இப்போது தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குக் கையில் இருப்பது இத்தனை வருடமாகச் சேர்த்த கோப்புகள்தான்.

வவுனியா_தாதி

இழையை முழுக்க வாசித்தேன். நான் இலங்கையில் தாதியாக வேலை செய்கிறேன். இரசாயன ஆயுதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் "தடை போட்டால் பலன் உண்டா" என்று கதைக்கிறீர்கள், அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

1990-களில் தற்கொலை உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் எங்கள் நாடும் ஒன்று. வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி வீட்டு மூலையிலேயே இருந்ததுதான் பெரிய காரணம். நான் பயிற்சிக்கு வந்த காலத்தில் கயல் டாக்டர் சொன்ன அந்த வார்டுகள் நிரம்பி வழியும். 1995-ல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற மிகக் கொடிய வகைகளை அரசாங்கம் தடை செய்தது. 2008-க்குப் பிறகு டைமெத்தோயேட், பென்தியோன், பாரக்குவாட் ஆகியவற்றையும் படிப்படியாக நிறுத்தியது. 20 வருடத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 வீதம் குறைந்தது. நெல் விளைச்சல் விழவில்லை. மனிதரின் துயரம் தடையால் தீரவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பொல்லாத வேளையில் கைக்கு எட்டுகிற நஞ்சு குறைவானதாக இருந்தபடியால், ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

தடையைக் கடைக்காரரும் பின்பற்றினார், அதிகாரி வந்து பார்த்தார். அதனால்தான் நடந்தது.

மருத்துவர்_கயல்

தாதி அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் பக்கமும் அந்த வார்டுகள் மெலிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதைப் படிக்கும் யாருக்காவது மனம் கனத்திருந்தால், வீட்டில் ஒருவரிடமாவது இன்றே வாய்விட்டுப் பேசுங்கள். அரசு மருத்துவமனைக்கு வந்தால் எந்த நேரமும் பார்ப்போம்.

கரிகாலன்77

தாதி அக்கா சொன்னதில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒப்பந்தம் எத்தனை பேரைக் காப்பாற்றவில்லை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த 72,304 டன் இன்றும் கிடங்குகளில் இருந்திருந்தால், உள்நாட்டுப் போர் வரும் ஒவ்வொரு நாட்டிலும் அது யார் கையில் இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. லிபியாவிடமும் இருந்தது, கடைசியை 2018 ஜனவரியில் அழித்து முடித்தார்கள். அங்கே நடந்த சண்டைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் சவால் ஆய்வைப் பற்றிய என் கோபம் கோபம்தான். அதை யாராவது ஒரு நாடு கேட்டே ஆக வேண்டும்.

இளங்கோ_சேலம்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை வகுப்பில் பாதியைச் சொன்னேன். சிரியா அன்று உறுப்பினரே இல்லை என்றதும் அந்த மாணவி, "அப்போ 2017-க்கு என்ன சொல்வீங்க?" என்றாள். கரிகாலன் எழுதியதையும் மதி எழுதியதையும் அப்படியே சொன்னேன். அப்புறம் இன்னொரு பையன் கேட்டான்: "அழிச்சாங்கன்னா எங்க சார் ஊத்துனாங்க? கடல்லயா?" எனக்கு இதற்கும் சரியாகத் தெரியவில்லை. ஆலைக்கார ஐயா சொல்ல முடியுமா?

பழைய_ஆலைக்காரன்

கெட்டிக்காரப் பையன். ஒரு காலத்தில் கடலில்தான் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியின் குண்டுகளைப் பால்டிக் கடலிலும் ஸ்காகெராக் நீரிணையிலும் கொட்டினார்கள். அமெரிக்காவும் 1960-களின் கடைசியில் கப்பலோடு சேர்த்து மூழ்கடித்தது. 1997 ஒப்பந்தம் அதை நிறுத்திவிட்டது. கடலில் கொட்டக் கூடாது, மண்ணில் புதைக்கக் கூடாது, திறந்த வெளியில் எரிக்கக் கூடாது.

மிச்சம் இரண்டு வழி. மூடிய உலையில் மிக அதிகச் சூட்டில் எரிப்பது ஒன்று. தண்ணீரோ காரமோ விட்டு மூலக்கூறை உடைப்பது இன்னொன்று. சிரியாவின் சரக்கை எந்த நாடும் தன் மண்ணில் ஏற்க முன்வராததால், 2014-ல் கேப் ரே என்ற அமெரிக்கக் கப்பலில் உடைக்கும் எந்திரத்தை ஏற்றி, மத்தியதரைக் கடல் நடுவிலேயே சுமார் 600 டன்னை உடைத்தார்கள். ஒரு சொட்டும் கடலில் விடவில்லை. மிஞ்சிய கழிவை பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோய் முடித்தார்கள்.

அமெரிக்கா 2012-க்குள் தன்னுடையதை அழித்திருக்க வேண்டும், முடியவில்லை. கென்டக்கியில் புளூ கிராஸ் என்ற ராணுவக் கிடங்கு. எரிப்புலை கட்டப்போகிறோம் என்றதும் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, புகைபோக்கி வேண்டாம் என்று. வருடக்கணக்கில் போராடி, எரிக்காமல் உடைக்கும் முறையை வாங்கினார்கள். அதனால் தாமதம்தான். ஆனால் அந்த மக்கள் கேட்டது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 2023 ஜூலை 7 அன்று அங்கேதான் கடைசி ஒன்றை அழித்தார்கள். எம்55 வகை ராக்கெட், உள்ளே சாரின்.

இளங்கோ_சேலம்

பள்ளிக்கூடத்தைக் காட்டித்தான் தடுத்தார்களா! இதை அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை முதல் பாடவேளை அந்த வகுப்புதான்.